வெறும் லாரியின் எடை

மின்சாரத்தைக் கடத்தாத இரண்டு பொருள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், இடையில் மின்சாரம் பாயுமா? பாயும் என்று 2004ஆம் ஆண்டில் ஓட்டோமோ, ஹ்வாங் என்ற இரு விஞ்ஞானிகள் காட்டினர். ஸ்டிரான்ஷியம் டைட்டனேட் படிகத்தின்மேல் லாந்தனம் அலுமினேட்டை மெல்லேடாகப் படியவிட்டால், இரண்டும் தொடும் எல்லையில் எலெக்ட்ரான்கள் ஓடுகின்றன. 2007இல் அதே எல்லையில் காந்தத்தின் அறிகுறியும் கண்டனர்.

இவ்விந்தையைத் திருப்பதியில் நானும் செய்து பார்த்தேன். பத்து அடுக்கு ஏடு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் நான்கு கூறு கனம். மின்சாரம் ஓடிற்று! மகிழ்ச்சி தாளாமல் தந்தையாரைத் தொலைபேசியில் அழைத்தேன். பிழைப்புக்காகக் குடியாத்தத்திலிருந்து சித்தூருக்குக் குடிவந்தவர் அவர். மாங்கூழ் ஆலை ஒன்றில் எடைமேடைக் கணக்கர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெறும் லாரியை எடை போட்டியாப்பா?" என்றார்.

சுருக்கென்றது. ஏடு இல்லாத வெறும் படிகத்தை அதே வெப்பத்தில், அதே குறைந்த பிராணவாயுவில் வைத்து எடுத்தேன். அதிலும் மின்சாரம் ஓடிற்று! பிராணவாயு அணுக்கள் சில படிகத்தை விட்டு நீங்கும்போது, அவை விட்டுச்சென்ற எலெக்ட்ரான்களே ஓடுகின்றன. பிராணவாயுவில் மீண்டும் சூடாக்கினேன், ஓட்டம் நின்றது. என் அருமை ஏட்டிலும் அவ்வாறே நின்றது.

கருத்தரங்குக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்ப மூன்று நாளே இருந்தன. "அனுப்பிவிடு, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றான் அறை நண்பன். நான் அனுப்பவில்லை. ஆறு மாத உழைப்பு போயிற்று. வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய்.

ஆனால் எண்ணிப் பாருங்கள். சென்னைப் பல்கலைக் கழகத்தில் பயின்ற ராமமூர்த்தி ரமேஷ் குழுவினர் 2003இல் அமெரிக்காவிலிருந்து பிஸ்மத் ஃபெரைட் மெல்லேட்டைப் பற்றி எழுதினர். அதன் மின்முனைவு நிலைபெற்றது. அவர்கள் கண்ட பெரிய காந்தத் தன்மையை மட்டும் 2005இல் வேறு விஞ்ஞானிகள் அதே இதழில் மறுத்தனர். ரமேஷ் குழுவினரின் விடையும் அங்கேயே வெளியாயிற்று. யாருடைய பெருமையும் அதனால் குன்றவில்லை. வெளிப்படையாக எடை போடுவதே விஞ்ஞானம்.

நாமோ, தமிழன் பெயர் அச்சில் வந்தால் கைதட்டுகிறோம். தோற்ற சோதனையைப் பெட்டிக்குள் பூட்டுகிறோம். அடுத்த ஆண்டு வரும் தம்பியும் தங்கையும் அதே குழியில் விழுகிறார்கள். இது தகுமா?

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் இதழில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கைகூடாத சோதனைகளை, காரணத்தோடு, நல்ல தமிழில் நாமே எழுதுவோம். வெட்கப்பட வேண்டியது தோல்விக்கு அன்று, மறைப்பதற்கே. முதல் கட்டுரையாக இதனையே ஏற்றுக்கொள்ளுங்கள்.