சித்தாளுக்கு எப்போ சார் பிரமோஷன்?

ஆபீஸில் மூணு வருஷம் பிரமோஷன் வரவில்லை என்றால் நாம் என்னென்ன செய்வோம்? யூனியனுக்குப் போவோம். மேனேஜர் மாதிரி நடந்து காட்டி கேன்டீனில் கைதட்டல் வாங்குவோம். வீட்டுக்கு வந்து சாம்பாரில் உப்பு இல்லை என்று சத்தம் போடுவோம்.

இருபது வருஷம் சர்வீஸ் போட்டும் ஒரு படிகூட ஏறாத ஒருவரை உங்களுக்குத் தெரியும். உங்கள் தெருவிலேயே இருப்பார். தலையில் சும்மாடு, அதன்மேல் கலவைச் சட்டி, சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய சட்டை. சித்தாள்!

பெயரையே பாருங்கள். சிறு ஆள், சிற்றாள், சித்தாள். வேலையில் சேர்ந்த அன்றைக்கும் சின்ன ஆள், பேரன் பேத்தி எடுத்த பிறகும் சின்ன ஆள். அதே நாளில் வேலைக்கு வந்த பையன் இருக்கிறானே, அவன் கொஞ்ச நாள் மண் வெட்டுவான், கலவை கலக்குவான். அப்புறம் ஒரு நல்ல நாளில் மாமனோ சித்தப்பனோ அவன் கையில் கரண்டியைக் கொடுத்துவிடுவார்கள். பையன் கொத்தனார்! இன்னும் கொஞ்ச வருஷம் போனால் மேஸ்திரி ஆகி, பைக்கில் சாய்ந்துகொண்டு "இன்னிக்கு மணல் வரலைங்க" என்று போனில் பேச ஆரம்பித்துவிடுவான். அந்தம்மா கைக்கு மட்டும் கரண்டி வருவதே இல்லை. அது வராததால் கூலியில் தினமும் சில நூறு ரூபாய் குறைச்சல்.

திருப்பூரில் ஒரு கட்டடத்தடியில் நின்று மேஸ்திரி ஒருவரிடம் இதைக் கேட்டேன்.

"பொம்பளைங்க ஏனுங்க கொத்து வேலை செய்யறதில்லை?"

"அது பலமான வேலைங்க. அவங்களுக்கு முடியாதுங்க."

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு அம்மணி தலையில் பத்துச் செங்கல்லோடு எங்கள் இருவரையும் ஒதுங்கச் சொல்லிவிட்டு இரண்டாவது மாடிக்கு ஏறிப் போனார். செங்கல் ஒன்று மூணு கிலோ என்று வைத்தால் முப்பது கிலோ. மேஸ்திரி கையிலிருந்த கரண்டி அரைக் கிலோ இருந்தால் அதிகம். நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்ததை அவர் கவனித்துவிட்டார். "பலம்னா... கை நெதானம் வேணுமுங்க" என்று கட்சி மாறினார்.

"நெதானத்துக்கு என்னங்க கொறச்சல்? மேஸ்திரி டீ குடிக்கப் போனா நாலு வரி நாந்தான் வெச்சுக் குடுப்பேன்" என்று மாடியிலிருந்து குரல் வந்தது. மேஸ்திரிக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிட்டது.

இந்தப் பேச்சு வேறு ஊரில் நடந்திருந்தால் நான் பேசாமல் வந்திருப்பேன். திருப்பூரில் நடந்ததுதான் வேடிக்கை. ஏனென்றால் இதே கதையின் முதல் பாகம் இந்த ஊர் பனியன் கம்பெனிகளில் ஓடி முடிந்துவிட்டது.

ஒரு காலத்தில் அங்கே மெஷினில் உட்கார்ந்து தைத்தவர் பெரும்பாலும் ஆண். பெண்ணுக்குக் கைமடி, லேபிள், டேமேஜ் பார்ப்பது, அடுக்கிக் கட்டுவது. கைமடி என்றால் டைலர் பக்கத்திலேயே நின்று துணியை மடித்து எடுத்துக் கொடுக்கிற வேலை. நாள் பூரா நின்றால் கண் சும்மா இருக்குமா? தையல் எப்படிப் போகிறது என்பது அத்துப்படி. 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் ஸ்டிரைக் நடந்த ஊர் இது. அதற்கப்புறம் எக்ஸ்போர்ட் ஆர்டர்கள் குவிய ஆரம்பித்தன. டைலர் பத்தவில்லை. கைமடியில் நின்ற பெண்கள் பவர் டேபிளில் உட்கார்ந்தார்கள். ஓவர்லாக், பேட்லாக் எல்லாம் வந்துவிட்டது. ஊசி உடையவில்லை, உலகம் அழியவில்லை. 2024-25-ல் சுமார் 40 ஆயிரம் கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்த ஊரில் பெண் டைலரை இன்று யாரும் திரும்பிப் பார்ப்பதுகூடக் கிடையாது. (குறைந்த கூலிக்குக் கிடைப்பார்கள் என்ற கணக்கும் முதலாளிகளுக்கு இருந்தது. கட்டிங் மாஸ்டர் நாற்காலி இன்னமும் பெரும்பாலும் ஆண்களிடம்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.)

அந்தக் கம்பெனிக்கு ஷெட்டும், அதில் வேலை செய்கிறவர்களுக்கு லைன் வீடும் கட்டுகிற இடத்தில்தான் பாகம் இரண்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை. சித்தாளும் ஒரு கைமடிதான். தைக்க ஆள் பத்தாதபோது பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்ட ஊர், கொத்தனார் பத்தாதபோது ஒடிசாவுக்கும் பீகாருக்கும் ரயிலைப் பார்க்கிறது.

அக்கம்பக்கத்தில் யாராவது செய்திருக்கிறார்களா? செய்திருக்கிறார்கள். கேரளத்தில் 1980-களின் கடைசியில் பெண்களுக்குக் கொத்து வேலை கற்றுக் கொடுத்தார்கள். ஜார்க்கண்டில் 2014-க்குப் பிறகு தூய்மை இந்தியா திட்டத்துக்குக் கொத்தனார் கிடைக்காமல், கிராமத்து சுயஉதவிக் குழுப் பெண்களுக்கு ஆயிரக்கணக்கில் பயிற்சி கொடுத்தார்கள். இந்தியில் கொத்தனாருக்கு ராஜ்மிஸ்திரி என்று பெயர். இவர்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்? ராணி மிஸ்திரி! நம் 'சின்ன ஆள்' எங்கே, ராணி எங்கே!

இரண்டு இடத்திலும் முதலில் கட்டச் சொன்னது கழிப்பறை. சின்ன வேலை, காசு குறைவு, பெரிய மேஸ்திரிகள் சீந்தாத ஐட்டம். அங்கேதான் பெண்ணுக்குக் கதவு திறந்தது.

வெள்ளைக்காரர்கள் மட்டும் ஒழுங்கு என்று நினைக்காதீர்கள். இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் ராணுவத்துக்குப் போய்விட, லண்டன் வாட்டர்லூ பாலத்தைக் கட்டியவர்களில் ஏகப்பட்ட பெண்கள். 1945 டிசம்பரில் திறப்பு விழா. மந்திரி ஹெர்பர்ட் மாரிசன் பாலம் கட்டிய ஆண்களை வாயார வாழ்த்தினார். பெண்கள்? மூச்! அவர்கள் வேலை செய்த புகைப்படங்கள் 2015-ல்தான் கண்டெடுக்கப்பட்டன. எழுபது வருஷம் கழித்து அரியர்ஸ்.

சரி, பயிற்சி கொடுத்துவிட்டால் போதுமா? இந்தப் பக்கத்தில் அந்த வார்த்தையைக் கேட்டாலே கொஞ்சம் உஷாராக வேண்டும். நூல் மில்களில் 'பயிற்சியாளர்' என்று பெயர் வைத்து ஏழைப் பெண்களை மூணு வருஷம் ஹாஸ்டலில் அடைத்து, கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டிய சுமங்கலித் திட்டத்தைப் பார்த்த பூமி இது. பயிற்சி என்றால் முடிகிற தேதி ஒன்று இருக்க வேண்டும். முடிந்த மறுநாள் கொத்தனார் கூலி கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது இன்னொரு சித்தாள் வேலை, சர்ட்டிபிகேட்டோடு.

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994-லேயே வந்துவிட்டது. வீட்டுக்கு பிளான் அப்ரூவல் வாங்கும்போது நலநிதி என்று ஒரு தொகையும் கட்டச் சொல்கிறார்களே, அது இதற்குத்தான். வாரியத்தில் பதிந்தவர்களுக்குத் தையூரிலும், எல் அண்ட் டி நிறுவனம் காஞ்சிபுரத்தில் நடத்தும் நிலையத்திலும் பயிற்சி உண்டு. பயிற்சி நாளுக்குக் கூலி ஈடும் உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் திருப்பூர் சித்தாள் ஒருவர் ஸ்கூல் போகிற பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு 400 கிலோமீட்டர் போவார்? பல்லடத்திலும் அவினாசியிலும் தினம் நூறு சுவர் எழும்புகிறது. பிராக்டிகல் ஹால் அங்கேயே இருக்கிறது. சாயங்காலம் ரெண்டு மணி நேரம், தூக்குக்குண்டு பிடிப்பது, ரசமட்டம் பார்ப்பது, டைல்ஸ் பதிப்பது. போய்வர பஸ், ஒரு கழிப்பறை, குழந்தை தூங்க ஒரு தூளி. இவ்வளவுதான் பட்ஜெட்.

அப்புறமும் ஒரு வாசல் இருக்கிறது. கற்றுக்கொண்டு வந்த பெண்ணுக்குச் சுவரைக் கொடுப்பது யார்? மேஸ்திரி கொடுக்க மாட்டார். கேரளத்துப் பெண்கள் சிலர் தாங்களே சங்கம் சேர்த்துக் கான்ட்ராக்ட் எடுத்தது அதனால்தான். நம் ஊரில் அந்தச் சுவர் யார் கையில் இருக்கிறது தெரியுமா? ஹோம் லோன் போட்டு, இருபது வருஷ ஈ.எம்.ஐ.க்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் செங்கல்லைத் தட்டிப் பார்க்கிறீர்களே, உங்கள் கையில்!

முழு வீடும் வேண்டாம். பின்பக்கத்து பாத்ரூம் ஒன்று. அதன் டைல்ஸை அந்த அம்மணி போடட்டும், அதற்குக் கொத்தனார் கூலிதான் என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் மேஸ்திரி முகம் சுளிப்பார். "கோணலாப் போச்சுன்னா என்னையச் சொல்லக்கூடாதுங்க" என்பார்.

பதில் பேசாதீர்கள். ஹாலில் அவர் பதித்த டைல்ஸ் மேல் ஒரு கோலிக்குண்டை மெதுவாக வைத்து, அது எந்தப் பக்கம் உருள்கிறது என்று இரண்டு பேருமாகப் பாருங்கள்.