மின்னேட்டிற்கும் குறி வேண்டும்

தோல் பதனிடும் ஊர்களிற் பிறந்தோர்க்கு வாணிபக் குறியின் பயன் புதிதன்று. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை முதலிய இடங்களிலிருந்து செல்லும் சரக்கிற் குறை காணின், யாரைக் கேட்பது என்பதை அதன் மேலுள்ள குறியே காட்டும். தோலுக்குள்ள இக்காப்பு, தோற்றொழிலைக் கற்பிக்கும் ஏடுகளுக்கும் வேண்டும் என்பது எமது கருத்து.

இற்றைநாளில் தொழிலறிவு பெரும்பாலும் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் மின்னேடுகளாகவே வருகின்றது. மேனியிற் படும் தோற்பொருளில் ஆறாம் நிலைக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருத்தலாகாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே 1 முதல் விதித்துள்ளது. இத்தகைய விதிகளை அறியாத டேனரி அயல்நாட்டு வாணிபத்தை இழக்கும். ஆதலின் ஏடுகளுக்கு மதிப்பு மிகுந்தது.

சில திங்களுக்கு முன் திமிரிக் கடைத்தெருவில், ராணிப்பேட்டையில் வேலை செய்யும் முதியவர் ஒருவர் தம் கைப்பேசிக்கு வந்த ஏடொன்றைக் காட்டினார். கழிவுநீர்த் தொட்டியைத் துப்புரவு செய்யும் முறை அதில் இருந்தது. முதற்பக்கம் இல்லை, வெளியிட்டவர் பெயரும் இல்லை. சல்பைடு கலந்த நீரில் அமிலம் சேரின் ஹைடிரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு எழும். அது மிகுந்தவிடத்து மூக்கு மரத்துப்போகும். நாற்றமில்லை என்று நம்பி இறங்கினவர் உயிர் துறப்பர். இவ்வெச்சரிக்கை அவ்வேட்டில் இல்லை. “இது யார் போட்டது, ஐயா?” என்றோம். “தெரியவில்லை, தம்பி, எல்லோரும் அனுப்புகிறார்கள்” என்றார். அவ்விடையே எம்மை இதனை எழுதத் தூண்டிற்று.

நம் நாட்டில் 1999ஆம் ஆண்டின் டிரேட் மார்க்குச் சட்டம் 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. தோல் 18ஆம் வகுப்பைச் சேர்ந்தது. அச்சிட்ட நூல் 16. இறக்கிக்கொள்ளும் மின்னேடு 9. இறக்காமல் இணையத்திலேயே படிப்பது 41. தோலுக்குக் குறி பதிந்தவர் தம் மின்னேட்டிற்கும் அதனைப் பதிய விரும்பின் 9ஆம் வகுப்பிலும் விண்ணப்பித்தல் வேண்டும். பதிவு 10 ஆண்டு நிற்கும், பின்னர்ப் புதுப்பிக்கலாம். ‘தோல் வழிகாட்டி’ என்றாற்போலப் பொருளை மட்டும் சுட்டும் பெயரை ஒருவர் தமக்கே உரிமையாக்குதல் எளிதன்று. அது யாவர்க்கும் உரிய சொல்லாகும்.

அறிவுக்கு வேலியிடுவதா எனச் சிலர் வினவுவர். அவ்வச்சம் வேண்டா. குறி பெயரைக் காக்குமேயன்றித் தொழின்முறையை ஒருவர்க்கே உடைமையாக்காது. ஆவாரம்பட்டை கொண்டு பதனிடும் முறையை எவரும் எழுதலாம். பிறர் குறியைத் தம் ஏட்டின்மேல் இட்டுப் படிப்போரை மயக்குதலே தவறு. குறியுடைய ஏடெல்லாம் பிழையற்றது என்றும் யாம் கூறோம். ஆயின் பிழை கண்டவிடத்துக் கேட்பதற்கு ஒருவர் உளர். திருத்திய பதிப்பு யாரிடமிருந்து வரும் என்பதும் தெரியும்.

பெரிய நிறுவனங்கள் தம் குறியைத் தாமே காத்துக்கொள்ளும். சிறு தொழிலாளர் நிலையே கவலைக்குரியது. சங்கத்தார் கூடித் தம் உறுப்பினர்க்கெனக் கூட்டுக் குறி பதிதற்கும் இச்சட்டம் இடந்தருகின்றது. ஈஸ்ட் இந்தியா தோலுக்குப் புவிசார் குறியீடு பெற்ற தமிழ்நாட்டார்க்கு இஃது அரிய செயலன்று. தோல் பதனிடுவோர் சங்கங்கள் எளிய தமிழில் மின்னேடுகளை வெளியிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் தம் குறியும் பதிப்பித்த நாளும் பொறிப்பாராக. முதற்பக்கம் அறுந்து போயினும் பொறுப்பாளர் பெயர் அறாது.

நம் கல்லூரியில் வேதியியல் பயிலும் மாணவர் பலர் இவ்வூர்களினின்றே வருகின்றனர். அவ்வேடுகளை ஆராய்ந்து தமிழில் எழுதித் தருதல் அவர்க்கேற்ற தொண்டாம். தொட்டியில் இறங்குமுன், “இது யார் சொன்னது?” என்று கேட்கும் தொழிலாளிக்கு விடையளிக்க ஒரு பெயரேனும் இருத்தல் வேண்டுமன்றோ!