இடர் முகாமை வீண் செலவா?

"வெள்ளம் வாறதும் வராததும் நம்மட கையிலயா இருக்கு? அதுக்கு ஏன் காசைக் கொட்டணும்?" சித்தாண்டிப் பக்கம் நெல் வாங்கி விற்பவர், ஆலை நடத்துபவர், கடை வைத்திருப்பவர் எனப் பலரும் சொல்லும் பேச்சு இது. இடர் முகாமை என்பது கொழும்புக் கம்பனிகள் ஆண்டறிக்கைக்காகச் செய்யும் கடதாசி வேலை, அது இலாபத்தைத் தின்னுமே தவிர ஒரு மூடை நெல்லும் தராது என்று நம்புகிறார்கள். இது பிழையான நம்பிக்கை. நமக்குப் பெரும் நட்டத்தைத் தரும் நம்பிக்கையும் கூட.

நம்முடைய வேளாண்மையைப் பாருங்கள். போகம் தொடங்குமுன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்பை எந்தத் திகதிக்குள் முடிப்பது, மாடுகளை எப்போது வயற்பக்கத்திலிருந்து அகற்றுவது, வாய்க்காலை எப்போது துப்புரவாக்குவது, எத்தனை மாத நெல்லை விதைப்பது என்றெல்லாம் தீர்மானிக்கிறார்கள். அதைக் கண்காணிக்க வட்டவிதானை இருக்கிறார். சிறுபோகத்தில் பிந்தி விதைத்தவனின் பயிர் குடலைப் பருவத்தில் நிற்கும்போது குளத்துத் தண்ணீர் முடிந்துவிடும். திகதியைக் காத்தால்தான் விளைச்சல். இடரைக் கணிப்பதும் தொழிலைச் செய்வதும் இங்கே ஒரே வேலை. கம்பனிகளின் இடர் முகாமைக்காக 2004இல் வந்த கோசோ வழிகாட்டியை 2017இல் திருத்தியபோதுதான் செயல்திறன் என்ற சொல் அதன் தலைப்பில் ஏறியது. நம் வட்டைகளில் அது பழைய அறிவு.

ஆனால் அந்த ஒழுங்கு வரம்போடு நின்றுவிடுகிறது. முந்தனை ஆறு பெருகினால் தண்ணீர் எந்தப் பக்கத்தால் ஊருக்குள் வரும் என்று இங்கே யாருக்குத் தெரியாது? 2011 ஜனவரியில் மட்டக்களப்பு மாவட்டமே வெள்ளத்தில் கிடந்ததைக் கண்டவர்கள் நாங்கள். அப்படியிருந்தும் நெல் மூடைகளை வெறும் நிலத்திலேயே அடுக்குகிறோம். மேடை கட்டும் செலவு கண்ணுக்குத் தெரிகிறது. நனைந்த நெல் மூடைக்குள்ளேயே முளைவிட்டு, ஆலை நின்று, கூலியாட்கள் வேறு இடம் போய், வங்கி வட்டி மட்டும் ஓடும் நாட்களை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

இடர் முகாமைக் கோப்பு இருந்தாலே இலாபம் கூடும் என்று நான் சொல்லவரவில்லை. 2021 மே மாதம் அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. திணைக்களங்கள் இருந்தன, நிபுணர்கள் இருந்தார்கள், எச்சரிக்கையும் செய்தார்கள். நவம்பரில் தடையை நீக்கும்போது பெரும்போகப் பயிர் வயலில் நின்றது. அந்தப் போகத்தில் நாடெங்கும் விளைச்சல் விழுந்தது. எச்சரிக்கை முடிவை மாற்றாத இடத்தில் இடர் முகாமை இல்லை, எத்தனை அலுவலகம் இருந்தாலும்.

அடுத்த பெரும்போகக் கூட்டத்துக்கு ஆலைக்காரரும் நெல் வியாபாரிகளும் வரட்டும். வெள்ளம் வந்தால் நெல்லை எங்கே ஏற்றுவது, லொறிக்கு யார் பொறுப்பு, காப்புறுதி யார் பெயரில் என்பதை அங்கேயே பேசி, கூட்டக் குறிப்பில் எழுதி, கையெழுத்து வையுங்கள்.