அப்பாவுக்கு ஸ்டீல் செயின்தான் வேணுமாம்! ஸ்மார்ட்வாட்சுக்கு அது சரிப்படுமா?

ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை, பெங்களூரு, சேலம் என மூன்று பக்கத்துத் தண்டவாளமும் வந்து சேரும் ஜங்ஷன் ஊர் இது. அப்படிப்பட்ட வீடு இங்கே தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். முப்பத்தைந்து வருடம் மணி பார்த்தே வேலை செய்த மனிதர். கல்யாணத்துக்கு மாமனார் போட்ட ஹெச்.எம்.டி. வாட்ச், ஸ்டீல் செயினோடு இன்னும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

சமீபத்தில் நெஞ்சு படபடப்பு என்று வேலூர் சி.எம்.சி. வரை போய்வந்தார். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் நாடித்துடிப்பைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். பெங்களூருவில் வேலை பார்க்கும் மகன் உடனே ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்கிவந்து கட்டிவிட்டான். ஐந்தே நாளில் அது மேஜை டிராயருக்குள் போய்விட்டது.

"ஏம்ப்பா கழட்டி வெச்சிட்டீங்க?"

"ரப்பர் பட்டைடா. வேர்த்துக் கொட்டுது, கை அரிக்குது. சின்னப் பசங்க விளையாட்டு சாமான் மாதிரி வேற இருக்கு. நம்ம பழைய வாட்ச்சுல இருக்கே, அந்த மாதிரி ஸ்டீல் செயின் ஒண்ணு போட்டுக் குடு. கட்டிக்கிறேன்."

மகன் போனில் தேடிப் பார்த்தான். சில நூறு ரூபாயில் தொடங்கி, வாட்ச்சின் விலையையே தாண்டிப் போகிறது பட்டியல். ஒரு செயினுக்கு இவ்வளவு கொடுக்கலாமா?

பழைய வாட்ச் காலத்தில் இந்தக் கேள்வியே வந்ததில்லை. ஜப்பானின் சிட்டிஸன் நிறுவனத்தோடு கைகோத்து 1961-ல் பெங்களூருவில் ஹெச்.எம்.டி. வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது. ஜனதா, பைலட், காஞ்சன் என்று அதன் பெயர்களைச் சொன்னாலே பெரியவர்களுக்கு ஒரு கல்யாணம் ஞாபகம் வரும். பிறகு 1984-ல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி, ஓசூரில் தொழிற்சாலை வந்தது. அந்த வாட்ச்சுகளைச் சாவி கொடுத்தோ, பேட்டரி மாற்றியோ இருபது, முப்பது வருடம் கட்டினார்கள். செயினும் அதே அளவுக்கு உழைத்தது. இரண்டுக்கும் ஒரே ஆயுள்.

ஸ்மார்ட்வாட்ச்சில் அந்தக் கணக்கு உடைந்துபோகிறது. உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி சார்ஜ் ஏற ஏற வலுவிழக்கும். சாஃப்ட்வேர் அப்டேட் ஒருநாள் நின்றுபோகும். மூன்று, நான்கு வருடத்தில் வாட்ச் கிழடாகிவிடுகிறது. நல்ல ஸ்டீல் செயினோ பதினைந்து வருடம் ஆனாலும் அப்படியே இருக்கும். அதனால் செயின் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், அடுத்த வாட்ச்சுக்கும் அது பொருந்துமா என்று பார்க்க வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் ஆப்பிள். 2015-ல் முதல் ஆப்பிள் வாட்ச் வந்தபோது, அதன் விலை குறைந்த மாடல் அமெரிக்காவில் 349 டாலர். அதற்கென்று தனியாக விற்ற ஸ்டீல் 'லிங்க் பிரேஸ்லெட்' 449 டாலர்! மாட்டை விடக் கயிறு விலை அதிகம் என்று அப்போது பலரும் சிரித்தார்கள். 2018-லேயே அந்த முதல் வாட்ச்சுக்குப் புது சாஃப்ட்வேர் வருவது நின்றுவிட்டது. ஆனால் அன்று 42 மி.மீ. வாட்ச்சுக்கு வாங்கிய செயின், பின்னால் வந்த 44, 45, 46 மி.மீ. மாடல்களிலும் மாட்டிக்கொள்கிறது. சிரித்தவர்களை விட, அன்று காசைக் கொட்டியவர்களுக்கு அந்தச் செயின் நன்றாகவே உழைத்திருக்கிறது.

எல்லா நிறுவனமும் அப்படி இல்லை. சாம்சங் பல வருடம் 20 மி.மீ. சாதாரணப் பட்டை மாட்டும் வாட்ச்சுகளை விற்றது. 2024-ன் அல்ட்ராவிலும் 2025-ன் வாட்ச் 8-லும் மாட்டும் முறையையே மாற்றிவிட்டது. பழைய வாட்ச்சுக்கு ஆசையாக விலை கொடுத்து செயின் வாங்கியவர்களுக்கு, புது வாட்ச்சில் அது நேரடியாக மாட்டாது. கூகுள் பிக்சல் வாட்ச்சுக்கும் தனி வழிதான். இந்த விஷயத்தில் விலை குறைந்த வாட்ச் வைத்திருப்பவர்கள்தான் அதிர்ஷ்டசாலிகள். அவற்றில் பெரும்பாலும் 20 அல்லது 22 மி.மீ. அகலத்தில், ஸ்பிரிங் பின் போட்ட சாதாரணப் பட்டைதான். வாட்ச் போனாலும் செயினைக் கழற்றி அடுத்ததில் போட்டுக்கொள்ளலாம். ஏன், அதே அகலம் என்றால் தாத்தாவின் ஹெச்.எம்.டி.யில்கூடப் போடலாம். ஆனால் பழைய வாட்ச்சுகள் பெரும்பாலும் 18 மி.மீ. என்பதால் அளந்து பார்க்காமல் வாங்க வேண்டாம்.

சரி, தோல் ஊரில் உட்கார்ந்துகொண்டு தோல் பட்டை வாங்காமல் ஸ்டீல் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஜோலார்பேட்டையில் ரயிலேறினால் வாணியம்பாடி, ஆம்பூர் என்று வரிசையாகத் தோல் ஊர்கள். அந்தப் பக்கம் பேரணாம்பட்டு, மேலே போனால் ராணிப்பேட்டை. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட இந்தப் பகுதித் தோல், 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரில் உலகம் சுற்றியது. வாட்ச்சுக்கு நல்ல தோல் பட்டை மாதிரி கைக்கு இதமானது வேறு இல்லை. ஆனால் தோலுக்கு வியர்வை ஆகாது. வெயில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் கோடையில், ராத்திரி பகல் கழற்றாமல் கட்டினால் உப்பு ஊறி, சில மாதங்களிலேயே நாற்றமடித்து வெடிக்கத் தொடங்கும். பழைய வாட்ச்சை ராத்திரி கழற்றி வைப்பார்கள், தோலும் காய்ந்துகொள்ளும். தூக்கத்தைக் கூடக் கணக்கெடுக்கும் வாட்ச்சில் அந்த ஓய்வு அதற்கு இல்லை. 2023 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம், சுற்றுச்சூழலைக் காரணம் காட்டி, தன் பொருள்கள் எதிலும் இனி தோல் கிடையாது என்றே அறிவித்துவிட்டது. பதிலுக்குக் கொண்டுவந்த 'ஃபைன்வோவன்' துணி சீக்கிரம் அழுக்காகிறது, கீறல் விழுகிறது என்று வாங்கியவர்கள் புலம்பியது தனிக் கதை. (தோல் பதனிடும் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதற்கு 1996-ம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே சாட்சி. அதனால் ஆப்பிள் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது.)

இப்போது அப்பா விஷயத்துக்கு வரலாம். அவருக்கு இந்த வாட்ச் அலங்காரத்துக்கு அல்ல. நாடித்துடிப்பு தெரிய வேண்டும். இங்கேதான் ஸ்டீல் செயின் காலை வாரிவிடும்.

வாட்ச்சைத் திருப்பிப் பாருங்கள், அடியில் பச்சை விளக்கு மின்னும். அந்த ஒளி தோலுக்குள் போகிறது. ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் பாயும்போது உறிஞ்சுவது கூடும், அடுத்த நொடி குறையும். திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் வாட்ச் துடிப்பை எண்ணுகிறது. வாட்ச்சுக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் வெளி வெளிச்சம் உள்ளே புகும், வாட்ச் ஆடும், எண்ணிக்கை தப்பும். துடிப்பு 72 இருக்கும்போது 130 என்று காட்டி வீட்டையே பதற வைக்கும். அல்லது உண்மையிலேயே 130 இருக்கும்போது ஒன்றும் காட்டாமல் இருந்துவிடும். இரண்டாவதுதான் ஆபத்து.

நம் ஆட்கள் செயின் வாட்ச் கட்டும் அழகே தனி. வளையல் மாதிரி மணிக்கட்டில் இறங்கி ஏறும். கையைத் தூக்கி ஒரு உதறு உதறினால்தான் மணி பார்த்த திருப்தி. ஸ்மார்ட்வாட்ச்சை அப்படிக் கட்டினால், அது மணி காட்டும் வேலையை மட்டும்தான் ஒழுங்காகச் செய்யும். அதிலும் ஸ்டீல் செயின் கனம் அதிகம். ரப்பர் பட்டையைப் போல இரண்டு, மூன்று மடங்கு இருக்கும். அந்தக் கனமே வாட்ச்சைக் கீழே இழுத்துக்கொண்டு போகும்.

அடுத்த சிக்கல், கண்ணி. கண்ணி கோத்த செயினில் ஒரு கண்ணியை எடுத்தால் இறுக்கம், வைத்தால் தளர்ச்சி என்று ஆகிவிடும். மணிக்கட்டு ஒரு நாளில் ஒரே அளவில் இருப்பதில்லை. காலையில் ஒரு சுற்று, வெயிலில் நடந்துவிட்டு வந்தால் வீங்கி இன்னொரு சுற்று. ரப்பரில் ஒரு ஓட்டை தள்ளி மாட்டினால் முடிந்தது. எனவே கண்ணிச் செயின் வாங்குவதானால், பூட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாத செயின் எவ்வளவு பளபளத்தாலும் நாடி பார்ப்பவருக்கு வேண்டாம். இன்னொரு வகை, மெல்லிய கம்பியில் வலை மாதிரி பின்னிய 'மிலனீஸ்' பட்டை. காந்தப் பூட்டு உள்ள மிலனீஸில் எந்த இடத்திலும் நிறுத்திக்கொள்ளலாம். காற்றும் புகும், கனமும் குறைவு. அப்பாவின் கைக்கு அளவு என்று பார்த்தால் இதுதான் சரி. கையில் ரோமம் அதிகம் இருந்தால் ஆரம்பத்தில் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பேஸ்மேக்கர் போன்ற கருவி உடலில் வைத்திருப்பவர்கள், காந்தப் பூட்டு உள்ள பட்டையை டாக்டரிடம் கேட்காமல் வாங்கக் கூடாது. காந்தம் உள்ள பொருள்களை அந்தக் கருவியிலிருந்து 15 செ.மீ.க்கு மேல் தள்ளி வைக்கச் சொல்வது வழக்கம். தூங்கும்போது கை நெஞ்சின் மேல்தானே போய் விழுகிறது? பேஸ்மேக்கர் இல்லாதவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. வாட்ச்சில் இருக்கும் திசைகாட்டி கொஞ்சம் தப்பாகக் காட்டலாம். ஜோலார்பேட்டையில் கிழக்கு எது என்று தெரிய, சென்னை ரயில் போகும் பக்கத்தைப் பார்த்தால் போதும்.

அரிப்புக்கு வருவோம். அப்பாவுக்கு ரப்பரில் அரித்தது பெரும்பாலும் உள்ளே தேங்கிய வியர்வையும் சோப்புமாக இருக்கும். கழற்றிக் கழுவித் துடைத்துக் கட்டினாலே பாதி சரியாகும். ஸ்டீலில் அரித்தால் அதற்குக் காரணம் வேறு: நிக்கல். கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகும் பெண்கள் எத்தனையோ பேர். அதே உலோகம்தான். தரமான வாட்ச் செயின்கள் '316எல்' என்ற ஸ்டீலில் வருகின்றன. அதில் 16 முதல் 18 சதவிகிதம் குரோமியம், 10 முதல் 14 சதவிகிதம் நிக்கல், 2 முதல் 3 சதவிகிதம் மாலிப்டினம். நிக்கல் இருந்தாலும் குரோமியம் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் போர்த்திவிடுவதால் எளிதில் வெளியே கசியாது. மாலிப்டினம், உப்பு வியர்வையில் புள்ளி புள்ளியாக அரித்துப்போகாமல் காக்கிறது. நம் வீட்டு நல்ல எவர்சில்வர் பாத்திரம் 304 ரகம், அதில் இந்த மாலிப்டினம் இல்லை. 'அலாய்' என்று மட்டும் போட்டு மலிவாக விற்பதில் உள்ளே துத்தநாகக் கலவையும் மேலே முலாமும் இருக்கலாம். முலாம் தேய்ந்ததும் அரிப்பு ஆரம்பமாகும். கறுப்பு நிறச் செயின் வாங்குகிறவர்களும் கவனிக்க: அது மேல்பூச்சு. மேஜையில் உரசும் பூட்டுப் பக்கம்தான் முதலில் வெளுக்கும்.

பாத்திரக் கடையில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்கும் வழக்கம் இங்கே செல்லாது. 316-லும் ஒட்டாது, 304-லும் ஒட்டாது, மாங்கனீஸ் சேர்த்த மலிவான 200 வரிசை ஸ்டீலிலும் ஒட்டாது. பில்லில் '316எல்' என்று எழுதித் தரும் கடையில் வாங்குவதுதான் வழி. கவரிங் நகையே ஒத்துக்கொள்ளாதவர் என்றால் நேராக டைட்டானியத்துக்குப் போய்விடலாம். நிக்கல் தொல்லை இல்லை, எடையும் ஸ்டீலில் ஏறக்குறைய பாதிதான். விலைதான் கையைக் கடிக்கும்.

மகனுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. அப்பாவுக்கு வாங்கும் கையோடு தனக்கும் ஒன்று என்று நினைப்பான். மின்சார வேலை, பேட்டரி வேலை, ஓடும் மெஷின் பக்கத்தில் வேலை என்றால் உலோகச் செயின் கூடவே கூடாது. ஸ்பேனரும் செயினும் பேட்டரியின் இரு முனைகளைத் தொட்டுவிட்டால் நொடியில் சூடேறிக் கையைச் சுட்டுவிடும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் மெஷின் முன் உட்காருபவர்களுக்கும் அதே பேச்சுதான். ஜிம், ஓட்டம் என்று போகும்போது ரப்பரையே மாட்டிக்கொள்வது நல்லது. பழைய பட்டையைத் தூக்கிப் போட வேண்டாம்.

விலைக்கு ஒரு கணக்கு சொல்லலாம். இரண்டாயிரம் ரூபாய் வாட்ச்சுக்கு அறுநூறு, எழுநூறு ரூபாயில் 316எல் செயின், சாதாரண ஸ்பிரிங் பின் என்றால், தாராளமாக வாங்கலாம். வாட்ச் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், அடுத்த வாட்ச்சும் அதே அகலம், அதே கம்பெனி என்று உறுதியாக இருப்பவர்கள் மட்டும் யோசிக்கலாம். இரண்டாயிரம் ரூபாய் வாட்ச்சுக்கு மூவாயிரம் ரூபாய் செயின் வீண். அந்தப் பணத்தைச் சேர்த்துப் போட்டு, துடிப்பை ஒழுங்காகக் காட்டும் நல்ல வாட்ச்சாக வாங்கினால் அப்பாவுக்கு உபயோகம்.

வாங்கும் முன் சார்ஜர் மேல் ஒருமுறை வைத்தும் பார்த்துவிட வேண்டும். முழுதாகத் திறக்காத பட்டாம்பூச்சிப் பூட்டுச் செயின்களில், சில வாட்ச்சுகள் தட்டையான சார்ஜரில் படியாது. ராத்திரி சார்ஜ் ஏறியது என்று நினைத்து, காலையில் செத்த வாட்ச்சைக் கட்டிக்கொண்டு வாக்கிங் போவதில் பயனில்லை.

கண்ணி எடுக்க யூடியூப் பார்த்து ஆணியும் சுத்தியலும் எடுப்பதை விட, பஜாரில் வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் கொடுத்தால் சில நிமிட வேலை. உள்பக்கம் போட்டிருக்கும் அம்புக்குறிப் பக்கமாகத்தான் பின்னைத் தள்ள வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அப்பாவையும் கூட்டிக்கொண்டு சாயங்காலம் போவது நல்லது, அப்போதுதான் கை கொஞ்சம் பெருத்திருக்கும். பூட்டுக்கு இரண்டு பக்கமும் சமமாக எடுக்கச் சொல்ல வேண்டும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே தள்ளிக் கட்டி, கையை உதறிப் பார்க்கச் சொல்லுங்கள். வாட்ச் நகரக் கூடாது. "ரொம்பப் பிடிக்குதுடா" என்று அவர் நிச்சயம் சொல்வார். தோலில் தடம் பதியாத வரை அது பிடிப்பு இல்லை, அளவு.

எடுத்த கண்ணிகளைக் கேட்டு வாங்கி, ஹெச்.எம்.டி. இருக்கும் அதே பீரோவில் போட்டு வைக்கட்டும். நாளைக்கு அதே செயின் மகனின் கைக்கு வரும்போது தேவைப்படும்.