தலைமுறை தாண்டும் மிக்ஸி

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும், ஆலை வேலையை நம்பிக் குடியேறிய பழைய குடும்பங்கள் சிலவற்றில், மாமியார் மருமகளிடம் ஒப்படைத்த மிக்ஸி இன்றும் சுழன்றுகொண்டிருக்கிறது. வர்ணம் மங்கியிருக்கும், மூடி மாறியிருக்கும், ஓசையோ தெருக்கோடி வரை கேட்கும். ஆயினும் தேங்காயும் மிளகாயும் அதில் அரைபடுவதற்குக் குறைவில்லை. அதற்கு வெகுகாலம் பின்னால் வாங்கப்பட்ட புது யந்திரமோ, உத்தரவாத காலம் முடிந்ததும் முடியாததுமாகப் பரண் ஏறிவிடுகிறது. இதை அடுப்பங்கரை விஷயமென்று ஆண்மக்கள் ஒதுக்கிவிடலாகாது. இது குடும்பத்தின் பணத்தையும், தொழிலாளியின் ஜீவனத்தையும், தேசத்தின் செம்பையும் இரும்பையும் பற்றிய விஷயம்.

இந்த யந்திரம் பிறந்த கதையே நமக்கு ஒரு பாடமாகும். மேல்நாட்டார் செய்த யந்திரம் பழச்சாற்றுக்கும் மாவுக்கும் ஏற்றது. காய்ந்த மஞ்சளும் கொப்பரையும் அதற்குப் பகை. பம்பாயில் மாதுரி மாத்தூர் என்னும் அம்மையாரின் ஜெர்மானிய யந்திரம் நம் நாட்டுச் சமையலுக்கு ஈடுகொடுக்காமல் பழுதாகவே, எஞ்சினீயரான அவருடைய கணவர் சத்திய பிரகாஷ் மாத்தூர், நம் சமையலுக்குத் தக்க மோட்டாரைத் தாமே அமைக்க முற்பட்டார். 1963-ம் வருஷம் அவர் தொடங்கிய கம்பெனியிலிருந்து 'சுமீத்' மிக்ஸி வெளிவந்தது. அதற்கு முன்னரே, 1955-ல், கோயம்புத்தூரில் சபாபதி என்பார் ஆட்டுக்கல்லை மின்சாரத்தால் சுழலச் செய்துவிட்டார். சென்னையில் 1978-ல் 'பிரீதி' தோன்றியது. பிறர் செய்த பொருள் நமக்குப் பொருந்தாதபோது அழுதுகொண்டிராமல், பொருந்துவதைச் செய்துகொண்ட கதை இது.

அந்த 1955-ம் வருஷம் ஜனவரியில்தான் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ்ட் பாணிச் சமுதாயமே லட்சியமென்று தீர்மானித்தது. 1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை டாங்கிகளைச் செய்யத் தொடங்கியது. கடைசல் யந்திரத்தின் முன் நின்று இரும்பைப் பழக்கிய கைகள் இந்த வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. ஆகவே, உடைந்த பொருளைச் சீர்செய்வது இங்குள்ளோருக்குப் புதிய வித்தையன்று.

பழைய மிக்ஸி நெடுநாள் உழைப்பதில் மாயம் எதுவுமில்லை. அதைத் திறக்கலாம்; அவ்வளவுதான் ரகசியம். நான்கு திருகாணிகளைக் கழற்றினால் உள்ளே உள்ளது கண்ணுக்குத் தெரியும். தேய்வதற்கென்றே அமைந்தவை கார்பன் பிரஷ்கள். அவற்றை மாற்றினால் மோட்டார் மீண்டும் ஓடும். பாரம் மிஞ்சும்போது மோட்டாருக்குப் பதிலாகத் தான் கிழிந்துபோவது ரப்பர் கப்ளர். அதன் விலை அற்பம். பிளேடும் புஷ்ஷும் தனித்தனியே கிடைக்கும். செம்புக் கம்பிச் சுற்று எரிந்தாலும் மறுபடி சுற்றலாம். இன்று விற்கும் யந்திரங்களிலோ, பலவற்றின் உறுப்புகள் அந்தக் கம்பெனியின் அந்த ஒரு மாதிரிக்கு மட்டுமே பொருந்துகின்றன. மாதிரி மாறினால் உறுப்பு மறைகிறது; உறுப்பு மறைந்தால் பழுதுபார்க்கும் கடைக்காரர் கைவிரிக்கிறார்.

பழையதெல்லாம் பொன் என்று நாம் சாதிக்க வரவில்லை. நம் கண்ணில் படுபவை பிழைத்து நின்றவை. அக்காலத்திலேயே பழுதாகிக் காயலான் கடைக்குப் போனவற்றை நாம் காண்பதில்லை. மின்கசிவுக்கும் மிகைப்பாரத்துக்கும் புது யந்திரங்களில் உள்ள காப்பு எல்லாப் பழைய யந்திரங்களிலும் இல்லை. மேலும், விலை மலிந்ததனால்தான் ஏழை வீட்டுப் பெண்களும் அம்மியிலிருந்து விடுதலை பெற்றார்கள். 2011-ம் வருஷம் செப்டம்பரில் இதே திருவள்ளூர் மாவட்டத்தில் தமிழக சர்க்கார் தொடங்கிய இலவச மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் குடிசைகளையும் எட்டியது. அந்த நன்மையை மறுப்பவன் அம்மிக் குழவியை ஒருநாளும் பிடித்தறியாதவன்.

ஆனால் யந்திரம் கெடும்போது அதிக நஷ்டம் அடைபவனும் அந்த ஏழையே. செல்வன் வேறொன்று வாங்குவான். கூலிக்காரனோ தவணையில் வாங்கிய பொருளுக்குத் தவணை தீருமுன் மற்றொரு தவணை கட்டுகிறான். மலிவென்று மூன்று முறை வாங்குபவன், நல்லதை ஒருமுறை வாங்கியவனைவிட அதிகம் கொடுக்கிறான். எறிந்த பொருளும் எங்கும் ஓடிவிடுவதில்லை. 2022-ம் வருஷத்தில் உலகெங்கும் குவிந்த மின்சாதனக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் ஏறியது கால்பங்குக்கும் குறைவு.

மத்திய சர்க்கார் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் திறந்தது. நல்ல ஆரம்பந்தான், ஆனால் தகவல் தருவது வேறு, கடமை விதிப்பது வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் இதற்கெனவே சட்டம் இயற்றி, சலவை யந்திரம், குளிர்பதனப் பெட்டி முதலியவற்றைச் செய்வோர்மீது பொறுப்பைச் சுமத்தியிருக்கிறது. மிக்ஸி நம் வீட்டுப் பொருள். அதற்கும் மேல்நாட்டார் வழிகாட்டட்டுமென்று காத்திருப்பது நமக்கு இழுக்கு. விற்ற நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்கு உதிரி உறுப்புகள் நியாய விலையில் கிடைக்கவேண்டும். கப்ளரும் பிரஷ்ஷும் பொது அளவில் அமையவேண்டும். பழுதுபார்க்கும் முறை வெளிப்படையாக இருக்கவேண்டும். இம்மூன்றையும் சட்டமாக்குவதே சர்க்காரின் கடமை. பொது அளவு வகுத்துவிட்டால், அந்த உறுப்புகளைக் கடைந்து தர அம்பத்தூர்ப் பட்டறைகளுக்கு ஆற்றல் உண்டு. பலருக்கு வேலையும் உண்டாகும்.

சட்டம் வரும்வரை நாமும் சும்மாயிருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை மிக்ஸி வாங்கச் செல்லும் நேயர், விலையைக் கேட்குமுன் ஒரு கேள்வி கேட்கட்டும்: "இதற்கு உறுப்புகள் எத்தனை வருஷம் கிடைக்கும்?" விடை சொல்ல மாட்டாத கடையில் பணப்பையைத் திறக்கவேண்டாம். வாடிக்கைக்காரர் நூறு பேர் இதையே கேட்டால், வியாபாரி கம்பெனியைக் கேட்பார். கம்பெனி பதில் சொல்லியே தீரவேண்டும்.