எஞ்சின் சின்னது... ஆட்டம் பெருசு!

போன வாரம் பைப் வெட்டி, வெல்டிங் வெச்சு, கோ-கார்ட் சேஸிஸை நாலு சக்கரத்துல நிக்க வெச்சாச்சு. இந்நேரம் உங்க மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் வராண்டாவுல அடுத்த பஞ்சாயத்து ஆரம்பிச்சிருக்கும். ‘மச்சி, பல்சர் 220 எஞ்சின் போட்டா பறக்கும்டா!’னு ஒருத்தன். ‘எங்க மாமா வீட்டுல புல்லட் எஞ்சின் சும்மாதான் கிடக்கு’னு இன்னொருத்தன். வசூல் பணத்தை வெச்சிருக்கிற நண்பன் மட்டும், ‘எவ்ளோ ஆகும்?’னு பாவமா கேட்பான்.

மூணு பேருக்கும் ஒரே பதில்தான். எவ்வளவு பெரிய எஞ்சின்ங்கிறது முக்கியமே இல்ல பாஸ். அந்த சக்தி சக்கரத்துக்கு எப்படிப் போய்ச் சேருது, வேணும்னா அதை எப்படி நிறுத்துறோம்... விஷயம் இவ்வளவுதான்!

கோ-கார்ட்டோட பிறப்பே இதுக்கு சாட்சி. 1956-ல கலிஃபோர்னியாவுல ஆர்ட் இங்கெல்ஸ்னு ஒருத்தர், ரேஸ் கார் கட்டுற கம்பெனியில வேலை பார்த்தவர், உலகத்தோட முதல் கோ-கார்ட்டைக் கட்டினார். அவர் பயன்படுத்தினது புல் வெட்டுற மெஷினோட எஞ்சின். சுமார் இரண்டரை ஹெச்.பி-தான்! நம்ம கோயம்புத்தூர் கரிவரதன், 1980-களின் கடைசியில ‘ஃபார்முலா மாருதி’ ரேஸ் காரை உருவாக்கினப்போ, உள்ளே வெச்சது சாதாரண மாருதி 800-ன் 796 சி.சி எஞ்சின். வண்டி வெயிட்டைக் குறைச்சா சின்ன எஞ்சினே போதும்னு நிரூபிச்ச மனுஷன். செட்டிப்பாளையத்துல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேர்லதான் இருக்கு.

சரி, நம்ம முன்னாடி இருக்கிற சாய்ஸ் என்னென்ன?

முதல் சாய்ஸ், பம்ப்செட், ஜெனரேட்டர்ல ஓடுற நிலை எஞ்சின். ஹோண்டா ஜி.எக்ஸ் 160-ஐ எடுத்துக்குங்க. 163 சி.சி, 4.8 ஹெச்.பி, எடை 15 கிலோ சொச்சம். கியர் இல்ல, பேட்டரி இல்ல, கயித்தை இழுத்தா ஸ்டார்ட். ஃபேன் கூடவே வர்றதால நின்ன இடத்துலயும் சூடாகாது. முதல் தடவை கார்ட் கட்டுற டீமுக்கு இதுதான் தங்கம்.

ரெண்டாவது, ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டர் எஞ்சின். கிளட்ச் லீவர் வேணாம், கியர் மாத்த வேணாம். ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா போதும். இதுலயும் கூலிங் ஃபேன் உண்டு. வெயிட் குறைக்கிறேன்னு அந்த பிளாஸ்டிக் கவரைக் கழட்டி எறிஞ்சிடாதீங்க. காத்தை சிலிண்டர் பக்கம் திருப்பிவிடுறதே அதுதான்.

மூணாவது, 125, 150 சி.சி பைக் எஞ்சின். கியர் மாத்துற சுகமே தனிதான்! ஆனா, பைக் எஞ்சின் எதிர்க்காத்துல குளிரும். கார்ட்ல நீங்க அதை டிரைவர் முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சா காத்து எங்கிருந்து வரும்? தனியா ஒரு ஃபேனோ, காத்து போற வழியோ செஞ்சு கொடுக்கணும்.

பழைய எஞ்சின் வாங்க புதுப்பேட்டைக்குக் கிளம்புறவங்களுக்கு ரெண்டு விஷயம். ஒண்ணு, எஞ்சின் நம்பர் போட்ட பில் இல்லாம வாங்காதீங்க. திருட்டு வண்டி எஞ்சினா இருந்தா, ரேஸ் டிராக்குக்குப் பதிலா போலீஸ் ஸ்டேஷன் போக வேண்டியிருக்கும். ரெண்டு, 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ்-6 பைக், ஸ்கூட்டர்கள்ல பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். எஞ்சினை மட்டும் தூக்கிட்டு வந்தா ஓடாது. இ.சி.யூ, ஃப்யூயல் பம்ப், சென்சார், வயரிங்னு மொத்த குடும்பத்தையும் கூட்டிட்டு வரணும். கார்புரேட்டர் எஞ்சின்னா தலைவலி கம்மி. போட்டிக்குப் போறீங்கன்னா, அதுக்கும் முன்னாடி ரூல் புக்ல எத்தனை சி.சி வரைக்கும் அனுமதின்னு பார்த்துடுங்க.

இப்ப ஒரு சின்ன கணக்கு. பயப்படாதீங்க, அரியர் வராது!

ஜி.எக்ஸ் 160 நிமிஷத்துக்கு 3600 சுத்து சுத்தும். பின் டயர் 11 இன்ச்னா, ஒரு சுத்துக்கு 0.88 மீட்டர் ஓடும். எஞ்சின் 5 சுத்து சுத்தினா ஆக்ஸில் 1 சுத்து சுத்துற மாதிரி ஸ்ப்ராக்கெட் போட்டா, டாப் ஸ்பீடு 38 கிலோமீட்டர். ‘சே, இவ்வளவுதானா?’னு 2-க்கு 1 ரேஷியோ வெச்சா, பேப்பர்ல 95 கிலோமீட்டர் வரும். பேப்பர்ல மட்டும்தான்!

ஏன்னா, அந்த எஞ்சினோட டார்க் அதிகபட்சம் 10.3 நியூட்டன் மீட்டர். 5-க்கு 1 ரேஷியோவுல அது டயர்கிட்ட வரும்போது சுமார் 37 கிலோ விசையோட வண்டியைத் தள்ளும். 2-க்கு 1-ல வெறும் 15 கிலோதான். கார்ட்டும் டிரைவரும் சேர்ந்து 150 கிலோ இருப்பாங்க. திணறித் திணறித்தான் கிளம்பும். அதுவரைக்கும் சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் வழுக்கி வழுக்கி, புகைஞ்சு கருகிடும். தரையில இருந்து ரெண்டு இன்ச் உயரத்துல உட்கார்ந்திருக்கிறவனுக்கு 38-ஏ விமானம் மாதிரி இருக்கும். நம்பி ஏறுங்க.

இதுல இன்னொரு பொறி இருக்கு. 5-க்கு 1 வேணும்னு முன்னாடி 12 பல், பின்னாடி 60 பல் ஸ்ப்ராக்கெட்டை பைக் செயினுக்குச் செஞ்சா, அந்த 60 பல் சக்கரமே 24 சென்டிமீட்டர் அகலம் வந்துடும். டயர் 28 சென்டிமீட்டர்தான். தரைக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவுல ரெண்டு சென்டிமீட்டர் கூட மிஞ்சாது. ஒரு கல் போதும், செயின் காலி. அதனால சின்ன பிட்ச் செயின் போடுங்க. இல்லைன்னா நடுவுல ஒரு ஷாஃப்ட் வெச்சு ரெண்டு கட்டமா குறைங்க. கியர்பாக்ஸோட வர்ற எஞ்சின்ல பாதிக் குறைப்பு உள்ளேயே நடந்துடுது. அங்கே பின் ஸ்ப்ராக்கெட் சின்னதே போதும்.

இனி மாட்டுற வேலை. எஞ்சினைத் தூக்கி வைக்கிறதுக்கு முன்னாடி, அவுட்புட் ஷாஃப்ட் எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாருங்க. செயின் சுத்துற திசையை மாத்தாது. எஞ்சினைத் திருப்பி வெச்சீங்கன்னா, முதல் கியர்ல கார்ட் ஜம்முனு பின்னாடி போகும்!

எஞ்சின் தட்டுல போல்ட் ஓட்டையை நீளமா வெட்டுங்க. அப்பதான் எஞ்சினை முன்னும் பின்னும் நகர்த்தி செயின் டைட் பண்ண முடியும். ரெண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஒரே நேர்க்கோட்டுல இருக்கான்னு நூல் பிடிச்சுப் பாருங்க. கொஞ்சம் விலகினாலும் செயின் கழண்டுக்கிட்டே இருக்கும். எஞ்சினை இஷ்டத்துக்குச் சாய்ச்சு வைக்காதீங்க. ஆயிலும் போகாது, கார்புரேட்டர் மிதவையும் குழம்பிடும்.

நிறைய டீம் கடைசி நாள்ல முழிக்கிற விஷயம் பெட்ரோல் டேங்க். பைக்ல டேங்க் மேல இருக்கு, பெட்ரோல் தானா இறங்கும். கார்ட்ல டேங்க் தரையோட தரையா இருக்கும். அங்கே ஒரு ஃப்யூயல் பம்ப் இல்லைன்னா ரெண்டு நிமிஷத்துல வண்டி இருமி நின்னுடும். இன்னொண்ணு, எஞ்சின் மாட்டின பிறகு சேஸிஸ்ல வெல்டிங் வைக்கணும்னா, எஞ்சினையும் டேங்கையும் இறக்கிட்டுதான் வைக்கணும். சோம்பேறித்தனப்பட்டா சி.டி.ஐ போகலாம், அதைவிட மோசமாவும் ஆகலாம்.

ஜி.எக்ஸ் எஞ்சின்ல கவர்னரைக் கழட்டினா ஸ்பீடு ஏறும்னு ஒரு சீனியர் கட்டாயம் சொல்வார். ஏறும்தான். 3600-க்காகச் செஞ்ச கனெக்டிங் ராடும் ஃப்ளைவீலும் அதுக்கு மேல எவ்வளவு தாங்கும்னு அவர்கிட்டயே கேளுங்க. உடைஞ்சு பறக்கிற இரும்புத் துண்டு சீனியர், ஜூனியர்னு பார்க்காது.

இப்ப கொஞ்சம் சீரியஸா ஒரு விஷயம். 2018-ல ஹரியானாவின் பிஞ்சோர்ல ஒரு பெண். 2020-ல ஹைதராபாத்ல ஒரு இன்ஜினீயரிங் மாணவி. ரெண்டு பேருமே ஜாலியா கோ-கார்ட்ல ஏறினவங்க. சக்கரத்துல தலைமுடி சிக்கி உயிரே போயிடுச்சு. அவங்க ஏறினது ஒண்ணும் ரேஸ் வண்டி இல்ல. பார்க்குல காசு கொடுத்து ஓட்டுற சாதா கார்ட்தான்.

அதனால செயினுக்கும், ஸ்ப்ராக்கெட்டுக்கும், ஆக்ஸிலுக்கும் மூடி போடாம எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவே கூடாது. முடியைச் சுருட்டி ஹெல்மெட்டுக்குள்ள வைக்கணும். துப்பட்டா, தொங்குற ஐ.டி கார்டு எதுவும் வேணாம். டிரைவருக்கும் எஞ்சினுக்கும் நடுவுல ஒரு தகடு. ஆக்ஸிலரேட்டருக்கு ஒண்ணுக்கு ரெண்டு ஸ்பிரிங். எஞ்சினை அணைக்க டிரைவர் கை எட்டுற இடத்துல ஒரு ஸ்விட்ச், வெளியில நிக்கிறவன் கை எட்டுற இடத்துல இன்னொண்ணு. இதெல்லாம் சேர்த்தாலும் உங்க எஞ்சின் விலையில சின்னப் பங்குதான் ஆகும்.

முதல் ஓட்டத்தை காலேஜ் கிரவுண்டுல, ஆள் இல்லாத நேரத்துல, சார்கிட்ட சொல்லிட்டு வெச்சுக்குங்க. ரோட்டுக்குக் கொண்டு போகவே போகாதீங்க. ரெஜிஸ்ட்ரேஷன் இல்லாத வண்டிக்கு அங்கே இடமில்ல.

ஆமா, ‘முதல் ஓட்டமா, பிரேக்கே இன்னும் மாட்டலையே’ங்கிறீங்களா? எஞ்சின் சாவி அதுவரைக்கும் பொருளாளர் பாக்கெட்லயே இருக்கட்டும். அடுத்த வாரம் பிரேக்!