சம்பளப் பட்டியலில் ஒரு வழக்கறிஞர்

பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் வழியாகக் கேரள எல்லையைக் கடந்தால் சிறிது தொலைவிலேயே பிளாச்சிமடை. பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்த இந்த ஊரில் இரவாளர், மலசர் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள்; வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். இங்கே 34 ஏக்கர் நிலத்தில் இந்துஸ்தான் கோகோ கோலா நிறுவனம் 2000 மார்ச்சில் உற்பத்தியைத் தொடங்கியது. கிணற்று நீர் கெட்டது. 2002 ஏப்ரல் 22 அன்று மயிலம்மா உள்ளிட்ட பழங்குடிப் பெண்கள் ஆலை வாயிலில் போராட்டத்தைத் தொடங்கினர். அனுமதி தரப்பட்ட காலத்தில் மாநிலத்தில் இருந்தது இடது ஜனநாயக முன்னணி அரசுதான். அதை மறைக்க வேண்டியதில்லை.

போராட்டத்தின் வரலாறு தோழர்கள் அறிந்தது. அதிகம் பேசப்படாத ஒரு மேசையைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்: நிறுவனத்தின் உள்ளே இருக்கும் சட்டத்துறையின் மேசை.

2003 ஏப்ரலில் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அதே ஆண்டு ஜூலையில், ஆலைக் கழிவுச் சேறு உரமென்று விவசாயிகளுக்குத் தரப்படுவதையும் அதில் ஈயமும் காட்மியமும் இருப்பதையும் பிபிசி வானொலி வெளிக்கொணர்ந்தது. டிசம்பர் 16 அன்று நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர், நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதன் அறங்காவலர் என்று தீர்ப்பளித்தார். 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு நாளொன்றுக்கு ஐந்து லட்சம் லிட்டர் எடுக்க அனுமதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. ஆலையோ 2004 மார்ச்சிலேயே மூடப்பட்டுவிட்டது. அதைத் திறக்கும் எண்ணமில்லை என்று நிறுவனம் 2017-இல் உச்ச நீதிமன்றத்தில் கூறியது. இடையில், இழப்பு 216.26 கோடி ரூபாய் என்று மாநில அரசின் உயர்மட்டக் குழு 2010-இல் கணக்கிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கான மசோதாவைச் சட்டமன்றம் 2011 பிப்ரவரி 24 அன்று நிறைவேற்றியது. மாநிலத்துக்கு அந்த அதிகாரமில்லை, தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் இருக்கிறது என்ற வாதங்கள் தில்லியில் எழுந்தன. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

இத்தகைய ஒவ்வொரு கட்டத்திலும், எந்த நிறுவனமானாலும், நீதிமன்றத்தில் எழுந்து நிற்பவர் வெளியிலிருந்து வரும் மூத்த வழக்கறிஞர். எந்தக் கோப்பை அவரிடம் தருவது, எதை இழுத்துப் போடுவது என்று முதலில் பார்ப்பவர் மாதச் சம்பளம் வாங்கும் உள் வழக்கறிஞர். கழிவின் ஆய்வறிக்கை ஊர் மக்களின் கைக்கு வருவதற்கு முன் அவர் கைக்கு வரக்கூடும். அப்போது அவர் யாருக்குக் கடமைப்பட்டவர்?

சட்டத்தின் விடை விசித்திரமானது. பார் கவுன்சில் விதி 49-இன்படி வழக்கறிஞர் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது. வேலையில் சேர்ந்தால் வழக்கறிஞர் தொழிலை நிறுத்த வேண்டும். 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம், உள் வழக்கறிஞர்களுக்குப் பாரதிய சாட்சிய அதினியம் 132-ஆம் பிரிவின் பாதுகாப்பு இல்லை என்றது. சம்பளத்தைச் சார்ந்திருப்பவர் சுதந்திரமானவர் அல்லர் என்பதே அதன் அடிப்படை. ஐரோப்பிய நீதிமன்றமும் 2010-இல் அக்ஸோ நோபல் வழக்கில் இதே முடிவுக்குத்தான் வந்தது. வழக்கறிஞரையும் கூலி உழைப்பாளியாக்கியது முதலாளித்துவம் என்று கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை 1848-இல் சொன்னதை நீதிபதிகள் வேறு மொழியில் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் பாதி உண்மையோடு நின்றுவிட்டார்கள். சுதந்திரமில்லை என்றால், முறைகேட்டுக்குக் கையெழுத்திட மறுக்கும் உள் வழக்கறிஞரைக் காப்பது எது? முயர் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டப் பணியாளர் தொழில் தகராறு சட்டத்தின்படி தொழிலாளி அல்லர் என்றது. ஆக அவர் முழு வழக்கறிஞரும் இல்லை, தொழிலாளியும் இல்லை. தவறை அம்பலப்படுத்துவோரைக் காக்க 2014-இல் இயற்றிய சட்டம் நடைமுறைக்கே கொண்டுவரப்படவில்லை. வந்தாலும் அது பொது ஊழியர் மீதான புகார்களுக்கு மட்டுமே. கம்பெனிச் சட்டத்தின் 177-ஆம் பிரிவு சில வகை நிறுவனங்களுக்குப் புகார்ப் பொறிமுறையைக் கட்டாயமாக்குகிறது. புகாரைப் பெறுவதோ அதே நிறுவனத்தின் குழு. என்ரான் மோசடிக்குப் பின் அமெரிக்கா 2002-இல் இயற்றிய சர்பேன்ஸ் - ஆக்ஸ்லி சட்டம், நிறுவன வழக்கறிஞர் கண்ட முறைகேட்டை இயக்குநர் குழு வரை கொண்டு செல்ல வேண்டும் என்கிறது. முதலாளித்துவத்தின் தலைநகரமே செய்ததை இங்கே செய்யத் தயக்கம்.

இந்த மேசையின் மொழி எப்படிப்பட்டது என்பதை இடுக்கியில் பார்க்கலாம். 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள், 10 சதவீதமாகக் குறைக்கப்பட்ட போனசை எதிர்த்துத் தெருவுக்கு வந்தனர். தொழிற்சங்கங்கள் மீதும் அவர்களுக்குக் கோபம் இருந்தது. அந்தக் கோபத்திலிருந்து நாம் கற்க வேண்டியது உண்டு. கேட்ட 20 சதவீதம் கிடைத்தது. ஒப்பந்தத்தில் அது 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத் தொகை என்று பிரிந்திருந்தது. முதலாவது சட்டப்படியான குறைந்தபட்சம். இரண்டாவது உரிமையல்ல, கொடை. அடுத்த ஆண்டு அதைக் கேட்டு வாதாட முடியாது. போராடிப் பெற்றதைப் பிச்சையாக எழுதிவைக்க ஒரு சொல் போதும்.

நிலம், நீர், தொழிலாளர் உடல்நலம் சார்ந்த ஆய்வறிக்கைகளை மறைக்க மறுக்கும் உள் வழக்கறிஞரைப் பணிநீக்கம் செய்யக் கூடாது என்று சட்டம் வர வேண்டும். அவர் புகாரை நிறுவனத்துக்கு வெளியே உள்ள அமைப்பு விசாரிக்க வேண்டும். அகில இந்திய வழக்கறிஞர் சங்கம் இக்கோரிக்கையைக் கையிலெடுக்கலாம். மயிலம்மா 2007 ஜனவரியில் மறைந்தார். பிளாச்சிமடைக்கான தீர்ப்பாயம் அமையவே இல்லை.